இருபத்துநாலாம் பிளாக் மாத்திரை

பிரபாவதி மருந்துக்கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துத் திரும்புவதற்குள் விஜயராஜ் வந்து நின்றார். அனல்மின் நிலையத்தில் போர்மேன். தேங்காய் வாங்கினாலும் தெர்மாமீட்டர் வாங்கினாலும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறவர். கையிலிருந்த காக்கி உறையைக் கண்ணாடி மேசைமேல் போட்டார்.

“இது என்னாம்மா மாத்திரை? நான் சாப்புடறது வெள்ளையா நீட்டமா இருக்கும். இது உருண்டையா ரோஸ் கலர்ல இருக்குது.”

பிரபாவதி உறையை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. “கம்பெனி மாறியிருக்கும் சார். உறையிலயே போட்டிருக்கே, படிச்சீங்களா?”

எல்லா உறையிலும் அது அச்சாகியிருக்கும்: ‘கம்பெனி மாறினால் நிறம், வடிவம் மாறலாம். மருந்து அதுவே.’ மாதம் பிறந்ததும் வரும் சந்தேகக் கேள்விகளைக் குறைக்க அவளே எழுதிக் கொடுத்த வாசகம்.

“படிச்சேன். நான் அதையெல்லாம் நம்பற ஆளு இல்ல. எனக்கு ராத்திரிக்கும் ஒண்ணு உண்டு. அது எங்க? அதையும் கம்பெனி தூக்கிடுச்சா?”

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, உறையின் மேலிருந்த எண்ணை அடித்தாள். பதினொன்றாம் பிளாக்கில் ஒரு குவார்ட்டர்ஸ். காலை ஒன்று, பிரஷர் மாத்திரை. இரவுக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

“பிரஷருக்கு ஒரு வேளைதானே சார் உங்களுக்கு?”

“எனக்கு எங்கம்மா பிரஷர்? எனக்கு சுகர். உங்ககிட்டதான ரெண்டு வருஷமா வாங்கறேன்!” அவர் குரல் ஏறியது. பக்கத்துப் பழக்கடைக்காரர் பலாச்சுளை உரிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். “இருபத்துநாலாம் பிளாக்ல இருந்தப்பல்லாம் ஒழுங்கா வந்துச்சு. இந்த வூட்டுக்கு வந்த மொத மாசமே கோளாறு.”

“வூடு மாறிட்டீங்களா?”

“மியூச்சுவல்மா. பொண்ணுக்கு ஸ்கூல் பக்கத்துல வேணும்னு போன வாரம் மாத்திக்கினோம். அவருக்கு எங்க வூட்டுத் தோட்டம் புடிச்சிருந்துச்சு, எங்களுக்கு அவரு வூடு தோதா இருந்துச்சு. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு ஒரே நாள்ல சாமான மாத்திக்கினோம்.”

பிரபாவதியின் விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. இவருக்கு அவருடைய உறை வந்திருக்கிறது. அப்படியானால் இவருடைய உறை?

இருபத்துநாலாம் பிளாக் எண்ணை அடித்தாள். சுகர், காலை ஒன்று, இரவு ஒன்று. நேற்று மாலை கொடுத்தாயிற்று என்று பச்சைக் குறி போட்டிருந்தது.

“இப்ப அந்த வூட்ல யாரு சார் இருக்காங்க?”

“தெய்வசிகாமணின்னு, மைன்ஸ்ல கன்வேயர் ஆபரேட்டர். ஏன், என்னாச்சு?”

அவள் மறுபடி பதினொன்றாம் பிளாக் பதிவைத் திறந்தாள்.

இந்த ஏற்பாட்டைக் கடைக்குக் கொண்டுவந்தவன் அவள் கணவன் இளம்பரிதி. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அங்கே ஆள் குறைத்தபோது நெய்வேலிக்கே திரும்பி வந்தவன். வந்த முதல் வாரத்திலேயே கடையின் அலமாரிகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். காலாவதியாகித் தூக்கிப்போடும் மருந்து ஒரு பக்கம், வேண்டிய நேரத்தில் இல்லாத மருந்து ஒரு பக்கம். வியாபாரம் என்பது சரக்கு அல்ல, யாருக்கு எப்போது என்ன வேண்டும் என்கிற விவரம்தான் என்று அவளிடம் சொன்னான். அந்த விவரம் அவள் தலைக்குள் மட்டும் இருந்தால், அவள் காய்ச்சலில் படுக்கிற அன்று கடையும் படுத்துவிடும் என்றான்.

அது உண்மைதான். அவன் எழுதிய மென்பொருள் வந்தபிறகு, தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாதம் முதல் வாரத்தில் உறை தானாகத் தயாராயிற்று. வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் காகிதப் பைகள், மேலே ‘காலை’, ‘இரவு’ என்று அச்சு. கடையில் வேலை பார்க்கும் தனகோட்டி மாலையில் மொபெட்டில் கொண்டுபோய் கேட்டில் மாட்டிவிட்டு, மணியடித்துவிட்டுப் போய்விடுவார். செல்போனில் செய்தி போகும். ஆறே மாதத்தில் பஜாரின் மற்ற மருந்துக் கடைகளிலிருந்து ஆட்கள் இங்கே வரத் தொடங்கினார்கள்.

வாடிக்கையாளரை எதை வைத்து அடையாளம் காண்பது என்று ஆரம்பத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பெயர் உதவாது. கொளஞ்சி என்று பஜாரில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். செல்போன் எண்ணை ஆட்கள் சலுகைக்குத் தக்கபடி மாற்றுகிறார்கள். டவுன்ஷிப்பில் பால்காரர், பேப்பர்காரர், கேஸ்காரர் எல்லாரும் பிளாக்கையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும்தான் கேட்கிறார்கள். ஆட்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். “வூடு எங்கியும் ஓடாது பிரபா” என்றான் இளம்பரிதி. உறைமேல் பெயர் வேண்டாம் என்று சொன்னது அவள். கேட்டில் தொங்குவதை அக்கம்பக்கம் படிக்கும். பெண் பார்க்க வருகிற வீட்டில் இன்னாருக்கு இன்ன நோய் என்று தெருவுக்கே தெரியவேண்டாம். அது வாடிக்கையாளர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது.

பதினொன்றாம் பிளாக் பதிவில் இருந்த செல்போன் எண் தெய்வசிகாமணியுடையதாகத்தான் இருக்கவேண்டும். அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது. மறுபடி அழைத்தாள். அதே குரல்.

“மொத ஷிப்டா இருக்கும்” என்றார் விஜயராஜ். அவருடைய கோபம் வற்றிவிட்டிருந்தது. “மைன்ஸ்ல எறங்கறவங்க போன லாக்கர்ல வச்சிட்டுத்தான் போவாங்க.”

“அவரு சம்சாரம் நம்பர் இருக்கா சார்?”

“இல்லியேம்மா. வூடு மாத்தற நேரத்துல பேசிக்கினோம், அவ்ளோதான்.”

இளம்பரிதியை அழைத்தாள். அவன் காலையிலேயே நெல்லிக்குப்பத்துக்குப் போயிருந்தான். அங்கே ஒரு மருந்துக்கடை முதலாளி இந்த மென்பொருளை வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டார். இன்றைக்குச் செய்து காட்டவேண்டும்.

“பரிதி, ரெண்டு வூட்டு மாத்திரை மாறிப் போயிடுச்சு.”

“தனகோட்டி அண்ணன் மாத்தி மாட்டிட்டாரா?”

“அவரு சரியாத்தான் மாட்டினாரு. வூட்ல ஆளு மாறிட்டாங்க. மியூச்சுவல்.”

மறுபக்கத்தில் கரும்பு லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்துபோவது கேட்டது.

“சுகர் மாத்திரையா?” என்றான்.

“ஆமா. சுகர் இல்லாத ஆளுக்கு.”

“போ பிரபா. கடைய வுட்டுட்டுப் போ.”

தனகோட்டியைக் கல்லாவில் உட்காரவைத்து, யாருக்கும் எதையும் கொடுக்கவேண்டாம் என்று சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கினாள். “வூடு அங்கியேதாம்மா இருந்துச்சு” என்று தனகோட்டி இரண்டு முறை சொன்னார். “திரைச்சீலை மட்டும் வேற. புதுசு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்.” குளுக்கோஸ் பொட்டலங்களைக் கைக்கு வந்தவரை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு ரவுண்டானாவும் அவளைப் பிடித்துப் பிடித்து விட்டது. சர்க்கரை நோய் இல்லாத உடம்புக்குள் அந்த மாத்திரை போனால் இருக்கிற சர்க்கரையையும் இறக்கும். வெறும் வயிறாக இருந்தால் இன்னும் மோசம். முதலில் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பிறகு ஆள் விழுவார். ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் எந்தப் பக்கம் விழுவார் என்று யோசிக்காமலிருக்க முயன்றாள். ஒருவேளை விஜயராஜ் மாதிரி இவரும் சந்தேகப்பட்டிருக்கலாம். ஒருவேளை உறையைப் பிரிக்காமலே வைத்திருக்கலாம்.

இருபத்துநாலாம் பிளாக் வீட்டில் தெய்வசிகாமணியின் மனைவி பெரியநாயகி வாசலில் புதுத் துளசிச்செடிக்கு மண் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. மருந்துக்கடை அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

“வாங்கம்மா. வூடு பாக்க வந்தீங்களா? பலாமரம்கூட இருக்குது பாருங்க பின்னாடி.”

“அக்கா, நேத்து வந்த மாத்திரைய அண்ணன் சாப்பிட்டாரா?”

“சாப்புட்டாரே. ராத்திரி ஒண்ணு, காலைல ஒண்ணு.”

“அவருக்கு ராத்திரிக்குக் கெடையாதே அக்கா! பழைய உறையில காலைக்கு மட்டுந்தான இருக்கும்?”

பெரியநாயகி கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். “ஆமா, நானும் கேட்டேன். பிரஷர் கொஞ்சம் கூடியிருக்குன்னு போன மாசம் டாக்டரு சொன்னாரு. அதான் கம்ப்யூட்டர்லயே உங்களுக்கு எழுதிட்டாருபோல, சேத்து அனுப்பிச்சிருக்கீங்கன்னு இவரு சொன்னாரு. கலரு வேறயா இருந்துச்சு. அதான் நீங்களே போட்டிருக்கீங்களே, கலரு மாறுனா பரவால்லன்னு. ஏன்?”

“அது சுகர் மாத்திரை அக்கா. இந்த வூட்ல முன்ன இருந்தவரோடது.”

பெரியநாயகி செடியை விட்டு எழுந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “விடிகாலம் எழுந்து உட்காந்துகினு, என்னாமோ வேர்க்குதுன்னாரு. புது வூடு, காத்து வரலன்னேன் நான்.”

“காலைல சாப்பிட்டுப் போனாரா?”

“வெறும் டீதாம்மா. டிபன் கேன்டீன்ல சாப்புடுவாரு. பிரேக்கு வரணுமே.”

“வண்டில ஏறுங்க அக்கா.”

“இந்தப் பொடவையோடயா?”

“ஏறுங்க.”

சுரங்க வாயிலில் வடநாட்டுக் காவலர் கை காட்டி நிறுத்தினார். வெயில் ஏறிவிட்டிருந்தது. தூரத்தில் மண்மேட்டின்மேல் இயந்திரங்கள் பொம்மைகளைப்போல நகர்ந்துகொண்டிருந்தன. காற்றில் நிலக்கரித் தூள் பறந்து பல்லில் நறநறத்தது.

“பாஸ் இல்லாமே உள்ளே போக முடியாது, மேடம்.”

“உள்ள போகவேணாம். போன் பண்ணுங்க போதும். ஒருத்தர் உயிரு சம்பந்தப்பட்டது.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உடனே அறைக்குள் கூட்டிப்போய் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

“தெய்வசிகாமணிங்கறவருக்கு உடனே சர்க்கரை குடுக்கணும் சார். டீயோ, மிட்டாயோ, எதுவா இருந்தாலும் சரி. வேலைய வுட்டு எறக்கி உட்கார வையுங்க.”

“மேடம், மெதுவா. எந்த தெய்வசிகாமணி? இந்த ஷிப்ட்லயே மூணு பேரு இருக்காங்க.”

“கன்வேயர் ஆபரேட்டர். இருபத்துநாலாம் பிளாக்ல…”

“வூட்டு நம்பர வச்சி நான் எப்படிம்மா தேடறது? இங்க ஆளுக்குத்தான் நம்பர். எம்ப்ளாயி நம்பர் சொல்லுங்க, எங்க நிக்கறாருன்னு இப்பவே பாத்துடறேன்.”

பிரபாவதியிடம் அது இல்லை. அவளுடைய கம்ப்யூட்டரிலும் இல்லை. பெரியநாயகி ரிசீவரை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். மண் ஒட்டிய விரல்களோடு அதைக் காதில் வைத்துக்கொண்டு எண்ணைச் சொன்னாள், ஒருமுறை, இன்னொருமுறை. “சீக்கிரம் சொல்லுங்க சார் அவங்களுக்கு. கைகால் நடுங்குனா வெயிலுன்னு வுட்டுடுவாங்க சார்.”

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. காவலர் தன் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டார். இருவரும் உட்காரவில்லை. பெரியநாயகி தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். பிரபாவதி கம்பிக்கும் காவலர் அறைக்கும் நடந்தாள். அறைக்குள் இருந்த வயர்லெஸ்ஸில் குரல்கள் வந்து வந்து போயின. எந்தக் குரலும் அவர்களுடைய ஆளைப் பற்றிப் பேசவில்லை. டம்பர் லாரி ஏதோ நின்றுவிட்டதாக ஒருவர் சொன்னார், இன்னொருவர் திட்டினார்.

“ஏம்மா,” என்றாள் பெரியநாயகி, திரும்பாமலே. “பேரு போட்டிருந்தா நாங்க பாத்திருப்போமில்ல?”

“பாத்திருப்பீங்க அக்கா.”

“எங்காளு பேரு இவ்ளோ நீட்டம். விஜயராஜுன்னு போட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்.”

பிரபாவதி மறுபடி வயர்லெஸ் பக்கம் நடந்தாள்.

உள்ளேயிருந்து ஆம்புலன்ஸ் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. வாயிலில் அது ஒரு நொடி வேகம் குறைந்தது. பின்கதவுக் கண்ணாடி வழியே, உட்கார்ந்த நிலையில் ஒரு ஆள் தெரிந்தார். பெரியநாயகி கம்பியை விட்டுவிட்டு, “உட்காந்திருக்காரு, உட்காந்திருக்காரு” என்று கத்தியபடி ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க விட்டபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உடன் வந்த தொழிலாளி நடந்ததைச் சொன்னார். பெல்ட் ஓரமாக நடந்துகொண்டிருந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வெயில் தாக்கிவிட்டது என்று உப்புப் போட்ட மோர் கொடுத்து நிழலில் கிடத்தியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியிருக்கிறது. காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஒருவர் கேலிகூடச் செய்திருக்கிறார். அந்தச் சமயத்தில் வயர்லெஸ்ஸில் தகவல் வந்திருக்கிறது.

“யாருகிட்டயோ இருந்த கடலமிட்டாய வாயில திணிச்சோம்” என்றார் அவர். “மெல்லத் தெரியல. டீயில சர்க்கரையக் கொட்டி கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனோம். இன்னும் கொஞ்ச நேரம் நெழல்லயே வுட்டிருந்தம்னா…”

தெய்வசிகாமணி பிரபாவதியை அடையாளம் கண்டுகொண்டார். நாக்கு இன்னும் முழுசாக வசத்துக்கு வரவில்லை.

“வூட்டத்தாம்மா மியூச்சுவல்ல மாத்துனேன்” என்றார். “வியாதிய மாத்திக்கறேன்னு சொல்லவே இல்லியே.”

பெரியநாயகி சிரித்தாள், அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. “வாய மூடிக்கினு படு. எல்லாத்துக்கும் ஒரு பேச்சு.” பிறகு பிரபாவதி பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இப்போதுதான் வந்திருந்தது. “நீங்க நல்லவங்கதாம்மா, ஓடியாந்தீங்க. ஆனா வழியில நீங்களே சொன்னாப்புல, நீங்க வந்ததுக்குக் காரணம் அந்தப் போர்மேன் சந்தேகப்பட்டது. அவரும் எங்காளு மாதிரி நம்பியிருந்தா?”

டாக்டர் அம்மா வந்து, மருந்து உடம்பில் இன்னும் வேலை செய்யும், சர்க்கரை திரும்ப இறங்கலாம், நாளைவரை இங்கேயே இருக்கவேண்டும் என்றார். ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்பதையும் சொன்னார். பிரபாவதி வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். செல்போன் அதிர்ந்தது.

“எப்படி இருக்காரு?” என்றான் இளம்பரிதி.

“பொழச்சிட்டாரு.”

அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, தணிந்த குரலில், “பிரபா, இங்க இவரு ஓகே சொல்லிட்டாரு. ரொம்பப் புடிச்சிருக்கு. அவரோட மூணு கடைக்கும் வேணுங்கறாரு. நான் இன்னிக்கு ராத்திரி உட்காந்து சரி பண்ணிடுவேன். ஆளுக்கு ஒரு நம்பர், அதுக்குக் கீழ வூடு. பெரிய வேலை இல்ல.”

“நேத்து போன உறைய எப்படி சரி பண்ணுவ?”

“எது?”

“நேத்தும் முந்தாநேத்தும் தனகோட்டி அண்ணன் மாட்டிட்டு வந்தாரே, அதெல்லாம். மே மாசம் பூரா டவுன்ஷிப்ல வூடு மாறிக்கினே இருந்தாங்க பரிதி. ஸ்கூல் தெறக்குதுன்னு மியூச்சுவல், புரமோஷன்னு பெரிய குவார்ட்டர்ஸ், ரிடையர்மென்ட். யாரு எங்க இருக்கான்னு நம்ம கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரியாதுங்கறதே அதுக்குத் தெரியாது.”

“இங்க இவருகிட்ட என்னா சொல்லட்டும்?” என்றான். “கை குலுக்கிட்டாரு.”

“கைய வுட்டுட்டுக் கெளம்பி வா. பாதி பிளாக் உனக்கு, பாதி எனக்கு.”

வாடிக்கையாளர் பட்டியலை அவன் அவளுடைய செல்போனுக்கு அனுப்பிவைத்தான். அவள் அங்கேயே நின்று அழைக்கத் தொடங்கினாள். முதலில் எடுத்த பெண்மணி அதே வீட்டில்தான் இருந்தார். ஏன் கேட்கிறீர்கள், கடையை மூடப்போகிறீர்களா என்று கேட்டார். அடுத்தவர், கம்ப்யூட்டரில் இல்லாததா என்று சிரித்தார். மூன்றாவது அழைப்பைச் சடையப்பன் என்ற பெரியவர் எடுத்தார். பதிவில் அவருக்கு எதிரே, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை என்று இருந்தது.

“நல்லவேளை நீயே போன் பண்ணிட்ட தாயி” என்றார். “இந்த மாசம் மெசேஜ் மட்டுந்தான் வந்துச்சு, மாத்திரை இன்னும் வரல. நான் ரிடையர் ஆயி மேல்பட்டாம்பாக்கத்துல வூடு கட்டிக்கினு வந்துட்டேன். இங்கல்லாம் அனுப்புவீங்கதான?”

“ஐயா, உங்க குவார்ட்டர்ஸ்ல இப்ப யாரு இருக்காங்க?”

“யாரோ புதுசா வேலைக்குச் சேந்த தம்பியாம். போன வாரந்தான் சாவி வாங்கனாங்க. சம்சாரம், ஒரு சின்னக் கொழந்த. ஏந்தாயி?”

“உங்க மாத்திரைய நான் அனுப்பறேன் ஐயா” என்று சொல்லிக்கொண்டே அவள் வராந்தாவில் ஓடினாள். வண்டி நிறுத்தத்துக்கு வருவதற்குள் தனகோட்டியை அழைத்து வீட்டு எண்ணைச் சொன்னாள்.

“கடைய சாத்திட்டு இப்பவே போங்கண்ணே. உறை கேட்டுல இருந்தா எடுத்துக்குங்க. இல்லன்னா பெல் அடிச்சி கேளுங்க.”

“யாருன்னும்மா கேக்கறது? அவங்க பேரு?”

“தெரியாது. மொதல்ல பேரக் கேளுங்க. நான் வந்துகினே இருக்கேன்.”

சாவியைப் போட்டுத் திருப்பினாள். வண்டி கிளம்புமுன் பட்டியலின் அடுத்த எண்ணையும் அழுத்திக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பியபடி மறுபடி அழுத்தினாள்.